இடைவேளைக்குப் பிறகு கரையேறியவள்

ஸ்வீடன் என்றொரு தேசம் உண்டு, குளிர்காலத்தில் அங்கே கடல் கட்டியாகிப்போய் அதன்மேல் குதிரை வண்டி ஓட்டுவார்கள், அந்தத் தேசத்தில் ஹெல்கா நோர்லிங் என்றொருத்தி இருந்தாள், படங்களுக்கு இன்னும் வாய் வராத காலத்தில் அங்கே படம் எடுக்கக் கிளம்பிய முதல் ஆட்களில் அவளும் ஒருத்தி, அவளைப் போல ஆளைச் சாகடிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தில்தான் சாகடித்தாள். நேரில் ஒரு கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பாள்.

ஆரம்பத்தில் அவள் ஒரு படக்கொட்டகையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு கைக்குப் பழகிவிட்டதால் கண் சும்மா இருந்தது, சும்மா இருந்த கண்ணைத் திரையில் வைக்காமல் ஜனங்களின் மேல் வைத்தாள், எந்த இடத்தில் கைக்குட்டை வெளியே வருகிறது, எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்பதெல்லாம் அத்துப்படியான பிறகு கொட்டகை முதலாளி பெர்க்வாலிடம் போய், "இதைவிட நன்றாக நான் எடுப்பேன்" என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்த சந்தோஷத்தில் மூலையில் தூசி படிந்து கிடந்த காமிராவைத் தூக்கிக் கொடுத்தார். மற்றவர்களெல்லாம் துணியில் கடலை வரைந்து வைத்து, அட்டைப் படகை இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஹெல்கா நிஜமான மீன்பிடிப் படகில் ஏறி, காமிராவைப் பாய்மரத்தோடு கட்டி, தன்னையும் அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நிஜமான புயலுக்குள் போனாள், போய்த் தன் தங்கை மாயாவைக் கடலில் விழச் சொன்னாள்.

மாயா விழுந்தாள். தண்ணீர் அவளுக்குத் தாய்வீடு, ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே மேலே வருவாள், "சிரிக்காதேடி, நீ செத்துப்போய்விட்டாய்" என்று ஹெல்கா பாய்மரத்திலிருந்து கத்துவாள், மறுபடியும் விழ வைப்பாள். கடைசியில் ஒரு தடவை சரியாக விழுந்தாள், அலைக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்து, விரல்கள் விரிந்து, மெல்ல உள்ளே போனது. அந்தக் கையோடு படம் முடிந்தது. 'நண்டுத்தீவுப் பெண்' என்று அதற்குப் பேர், திரும்பி வராத காதலன் எரிக்கைத் தேடிப் படகில் போகிற ஒரு மீனவப் பெண்ணின் கதை. அந்தக் கையைப் பார்த்து பெர்லின் அழுதது, பாரிஸ் அழுதது, ஹெல்காவின் கழுத்துக்கு மாலை வந்துகொண்டே இருந்தது.

அதற்குச் சில வருஷம் கழித்து உலகமெங்கும் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. கடலில் எத்தனையோ தடவை செத்துப் பிழைத்த மாயா, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே தடவை செத்தாள். ஹெல்காவால் அதைத் தாங்க முடியவில்லை, தாங்க முடியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. தெரிந்தது படம் எடுப்பதுதான், எடுத்தாள். ஒருத்தியைப் பனியில் புதைத்தாள், ஒருத்தியைக் கிணற்றில் தள்ளினாள், ஒருத்தியை ரயிலுக்குக் கொடுத்தாள், எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அந்தக் கைதான் வந்து நின்றது. ஜனங்களும் அதற்காகத்தான் டிக்கெட் வாங்கினார்கள். பெர்க்வாலின் கொட்டகை பெரிய கம்பெனியாக வளர்ந்தது, அவருக்கு வயிறும் வளர்ந்தது, ஹெல்காவின் பேர் மட்டும் அந்த ஒரு கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே, தஞ்சாவூர்ச் சீமையின் கடலோரத்தில் மணல்வாடி என்றொரு மீன்பிடி ஊர். 'நண்டுத்தீவுப் பெண்' படத்தின் பிரதிகளில் ஒன்றே ஒன்று சூயஸ் கால்வாயைத் தாண்டி, கொழும்பில் கொஞ்ச நாள் ஓடி, கை மாறிக் கை மாறி அந்த ஊரில் சேக்தாவூது ராவுத்தர் போட்டிருந்த கூடாரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. படத்துக்குத்தான் வாய் கிடையாதே, அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கதையைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நாகூரான். முன்பு கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டினவன், தொண்டையைத் திறந்தால் கரையிலிருக்கிற வலை காயும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

முதல் நாள் ஆட்டத்தில் கை தண்ணீருக்குள் போனது, கடைசியாக ஒரு அட்டை வந்தது, அதில் ஏதோ நாலெழுத்து இருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. நாகூரான் யோசித்துப் பார்த்தான், கதாநாயகி தண்ணீருக்குள் போயிருக்கிறாள், அவள் தேடிப்போன காதலன் இன்னும் கிடைக்கவில்லை, கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகவில்லை, இந்த இடத்தில் கதையை முடிக்க எவனுக்காவது மனசு வருமா. "இடைவேளை" என்று உரக்கச் சொன்னான். ஜனங்கள் எழுந்து போய் சோடா குடித்து, வேர்க்கடலை வாங்கி, பிள்ளைகளை ஒதுக்குப்புறம் கூட்டிப்போய் வந்து, மறுபடி மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

மிஷின்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "ராவுத்தரய்யா, டப்பாவுல அவ்வளவுதான். மேல ஒண்ணும் இல்ல."

"இல்லன்னா? உக்காந்திருக்கிற சனம் கொட்டகையப் பிரிச்சு மேஞ்சிடும்யா" என்றார் ராவுத்தர். "நீ வெளக்கைப் போடு. நாகூரான் எதையாவது சொல்லட்டும்."

வெறும் விளக்கு எரிந்தது, திரை வெள்ளையாக நின்றது. நாகூரான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு சாவல. சாவுறதுக்கு அவளுக்கு என்ன வந்துச்சு, அலைக்கு அடியிலேயே நீந்தி வந்து, இந்தா, நம்ம கரையில ஏறுறா" என்றான். வெள்ளைத் திரையில் அலை தெரிந்தது, அலையில் கை தெரிந்தது, கையைத் தொடர்ந்து தலை வந்தது, தோள் வந்தது, பனைமரங்கள் நின்ற ஒரு கரையில் மாயா தவழ்ந்து ஏறி, முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த மீன்காரி காசாம்பு, "ஈரத்தலையோட நிக்கிறா பாரு, சளி புடிச்சிக்கும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, திரையில் ஒரு பெண் துண்டும் சாம்பிராணித் தூபக்காலுமாக ஓடிவந்தாள், அது காசாம்புவேதான், மாயாவின் வைக்கோல் போல வெளிறிய முடியை விரித்துப் புகை காட்டினாள். மணலில் இருந்த காசாம்பு தன்னையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி சரியாத் தெரியலியே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதைத் தவிர அன்றைக்கு வேறு புகார் இல்லை.

மறுநாள் பார்த்தால் டப்பாவுக்குள் படச்சுருள் பருத்திருந்தது. ராவுத்தர் தச்சரைக் கூப்பிட்டுப் பெரிய சக்கரமாகச் செய்யச் சொன்னார், அது நிறைந்ததும் அதைவிடப் பெரிதாக ஒன்று. ஊரும் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது, மீன் ஏலம் முடிந்த கையோடு கரையிலேயே கூடி அன்றைக்கு மாயா என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுத்தார்கள், வலை பின்னக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆண்கள் சொன்னார்கள், முதலில் புடவை கட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று பெண்கள் சொன்னார்கள், தையல்காரர் திரைக்கு அருகில் போய்க் கண்ணாலேயே அளவெடுத்து ஒரு ரவிக்கை தைத்துக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினார், அது மறுநாள் மாயாவின் உடம்பில் இருந்தது, கை மட்டும் கொஞ்சம் இறுக்கம் என்று பிரித்துத் தைத்தார். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகள் இடைவேளை வரை பேசாமல் இருந்து, இடைவேளைக்குப் பிறகு மாயாவுக்காகச் சமாதானமானார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள். ஒருமுறை நாகூரான் அக்கா மகள் சடங்குக்கு நாகப்பட்டினம் போய்விட்டான், அன்று இடைவேளைக்குப் பிறகு சொல்ல ஆளில்லை, மறுநாள் சுருள் பழையபடி இளைத்துப்போய், பெண் தண்ணீருக்குள் கிடந்தாள். முதலிலிருந்து கரையேற்றி, முதலிலிருந்து தலை துவட்டி, புடவை கட்டக் கற்றுக்கொடுத்து, ஊருக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் நாகூரான் காய்ச்சலென்றாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

எரிக்கையும் விடவில்லை. ரங்கூன் கப்பலிலிருந்து தாடியும் மீசையுமாக அவனைக் கொண்டுவந்து இறக்கி, வலை இழுக்கத் தெரியுமா, குடிப்பானா என்றெல்லாம் விசாரித்து, மாப்பிள்ளை சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். கல்யாணம் வரைக்கும் வந்து, அங்கேதான் கதை நின்றுபோனது. பெண் வீட்டார் என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். பெற்றவர்களோ கூடப்பிறந்தவர்களோ இல்லாமல் தாரை வார்க்க ஊருக்கு மனசு வரவில்லை, நாளைக்கு அவர்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது. அதனால் மாயா தினமும் தலை நிறையப் பூவோடு மணவறை வாசலில் வந்து நின்றாள், எரிக் உள்ளே உட்கார்ந்து தாடியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

இதெல்லாம் மணல்வாடியோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. ஸ்டாக்ஹோமில் பெர்க்வாலின் கம்பெனிக் கிடங்கிலும் அதே படத்தின் டப்பா மூடி மூடாமல் எழும்பியது. பெர்லினில் அழ வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, அழுகை எங்கே என்று கொட்டகைக்காரரின் சட்டையைப் பிடித்தார்கள். பெர்க்வால் ஹெல்காவைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார். உள்ளே போன கை மறுபடி மேலே வந்த இடத்தில் ஹெல்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பெர்க்வால் பின்னாலேயே வந்தார். "வெட்டிப் பார்த்தோம், காலையில் மறுபடி வளர்ந்திருக்கிறது. கரையில் பனைமரம் தெரிகிறது, வேர் சூயஸுக்கு அந்தப் பக்கம் போன பிரதியில் இருக்கிறது. நீ போய் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு வா. அந்தக் கை தண்ணீருக்குள் போய் அங்கேயே இருக்க வேண்டும். இருந்தால் உனக்குக் காமிரா உண்டு. இல்லையென்றால் இல்லை."

ஹெல்காவுக்குக் காமிராவைத் தவிர வேறு என்ன இருந்தது. வீடு இல்லை, குடும்பம் இல்லை, இருந்த ஒருத்தியும் போய்விட்டாள். கப்பலேறினாள்.

மணல்வாடிக்குப் பக்கத்து ஊரில் ஸ்வீடன் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, அங்கே படித்து அங்கேயே டீச்சராக இருந்த ஞானதீபத்துக்கு அந்த பாஷை நன்றாக வரும். அவள்தான் ஹெல்காவை மாட்டு வண்டியில் கூட்டிவந்தாள், வருகிறவள் மாயாவின் அக்கா என்று முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியும் இருந்தாள். ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது, வரிசைத் தட்டுகளோடு பெண்கள் காத்திருந்தார்கள்.

காசாம்பு முன்னால் வந்தாள். "வாம்மா. இப்பவாவது வந்தியே. தங்கச்சிய இங்க விட்டுட்டு இத்தினி நாளா எங்க போயிருந்த?"

"வரவேற்கிறார்கள்" என்று மட்டும் மொழிபெயர்த்தாள் ஞானதீபம்.

"நான் இந்தப் படத்தை நிறுத்த வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றாள் ஹெல்கா.

ஞானதீபம் தட்டுகளைப் பார்த்தாள், பெண்களின் முகங்களைப் பார்த்தாள். "ரொம்ப தூரம் வந்ததுல களைப்பா இருக்காம்" என்றாள்.

உடனே ஒருத்தி இளநீர் நீட்டினாள். ஹெல்கா ஜனங்களின் முகத்தைப் படித்தே பிழைத்தவள், தான் சொன்னதற்கு இந்த முகங்கள் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சர், இதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லுங்கள். என் தங்கை செத்துப்போய்விட்டாள். காய்ச்சலில். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் இங்கே இல்லை, அந்தப் படப்பெட்டியை எடுத்துப்போகத்தான் நான் வந்திருக்கிறேன்."

ஞானதீபம் அப்படியே சொன்னாள். மேளம் நின்றுவிட்டது. காசாம்பு தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காய்ச்சல் இங்கயும்தான் வந்துச்சு. என் மூத்தவன் அதுலதான் போனான். மீசை அரும்புற வயசு. அவனை யாரும் படம் புடிச்சு வைக்கல, இருந்தா நானும் தெனம் கரையேத்திக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள். "நீ வச்சிருக்க. நீ இல்லாதப்ப நாங்க பாத்துக்கிட்டோம். அதை எதுக்கும்மா நிறுத்தணும்?"

ஞானதீபம் அதையும் வார்த்தை மாற்றாமல் ஹெல்காவுக்குச் சொன்னாள். ராவுத்தர்தான் இடையில் வந்தார். "உங்க பொருளு, எடுத்துக்கிட்டுப் போங்க, நாங்க தடுக்க மாட்டோம். சாயங்காலம் ஒரே ஒரு ஆட்டம் இருந்து பாத்துட்டுப் போங்க."

அந்தி சாய்கிற நேரத்தில் ஆட்டம் தொடங்கியது. ஹெல்காவுக்கு நாற்காலி போட்டார்கள், அவள் வேண்டாமென்று காசாம்புவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். நாகூரான் முதல் பாதியைச் சொன்னான், புயல் வந்தது, படகு கவிழ்ந்தது, கை மேலே வந்து விரிந்து உள்ளே போனது, ஹெல்கா தன் பாஷையில் 'முடிந்தது' என்று எழுதிய அந்த நாலெழுத்து அட்டை வந்தது. "இடைவேளை" என்றான் நாகூரான். எல்லோரும் எழுந்து போனார்கள், எல்லோரும் திரும்பி வந்தார்கள். வாழ்நாளில் ஹெல்கா எத்தனையோ கொட்டகை பார்த்திருக்கிறாள், அந்த அட்டைக்குப் பிறகு திரும்பி வந்து உட்கார்ந்த ஜனங்களை அன்றுதான் பார்த்தாள்.

விளக்கு எரிந்தது. நாகூரான் திரைக்குப் பக்கத்தில் போகவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"ஏன் அவர் சொல்லவில்லை?" என்று ஹெல்கா கேட்டாள். ஞானதீபம் விசாரித்துச் சொல்வதற்குள் காசாம்புவே கையால் காட்டிச் சொன்னாள். "கூடப்பொறந்தவ வந்து உக்காந்திருக்கையில நாங்க வாயத் தெறக்கக்கூடாது. பொண்ணு வீட்டுக்காரங்க சொல்லணும். இனிமே எல்லாம் நீதான்." ஞானதீபம் அதை ஹெல்காவுக்குச் சொன்னாள்.

திரை வெள்ளையாக நின்றது. மிஷினுக்குள் வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து குறைந்துகொண்டே வந்தது, அது தீர்ந்துபோனால் ஆட்டம் முடிந்தது. ஹெல்காவுக்குத் தன் நிலைமை நன்றாகப் புரிந்தது. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும், கை உள்ளேயே இருக்கும், நாளைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறலாம், பெர்க்வால் காமிராவைக் கையில் கொடுப்பார். பேசாமல் இருப்பதுதான் அவள் தொழில், அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. விளக்கு ஒருமுறை துடித்தது. தங்கையின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அந்த நாளிலும் அவள் இப்படித்தான் பேசாமல் இருந்தாள், என்ன சொல்லியும் பலன் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே அப்படி யாரும் சொல்லவில்லை.

"மாயா" என்றாள். எழுந்து நின்று மறுபடி கூப்பிட்டாள். "மாயா, போதும். மேலே வா, குளிரும்."

ஞானதீபம் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். "நீ சும்மா இரு டீச்சரு, எங்களுக்குப் புரியிது" என்றாள் காசாம்பு.

அலை வந்தது. கை வந்தது, அது அப்படியே நின்று ஒருமுறை தயங்கியது, இவ்வளவு நாள் கூப்பிட்ட குரல் இதில்லையே என்று யோசித்தது போலிருந்தது, பிறகு தலையும் தோளுமாக மாயா விறுவிறுவென்று ஏறிவந்தாள். ஹெல்காவுக்கு மேற்கொண்டு கதை தெரியாது, தெரிந்ததைச் சொன்னாள், இவள் என் தங்கை, இவளுக்குத் தேனீ என்றால் பயம், இவளுக்குப் பாட்டு வராது ஆனால் பாடுவாள், இவளுக்கு நான் அம்மாவின் ஒட்டியாணத்தைக் கொடுக்கிறேன், நல்ல பையன்தான், கட்டிக்கொடுக்கலாம், எனக்குச் சம்மதம். சொல்லச் சொல்லத் திரையில் மாயாவின் முகம் மாறியது, ஹெல்கா கடைசியாகப் பார்த்த முகத்தைவிடக் கொஞ்சம் சதை போட்டு, கண்ணோரம் சுருக்கம் விழுந்து, நரைமுடி ஒன்றிரண்டு தெரிந்தது. செத்தவர்களுக்கு வயசு ஏறாது. ஹெல்கா அதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள், துக்கத்தில் இல்லை.

மணவறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த மாயா உள்ளே போனாள். பெண் வீட்டார் நிற்கிற இடத்தில் திரையில் ஹெல்காவே நின்றாள், அதுவரை காமிராவுக்குப் பின்னால் மட்டுமே நின்றவள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு, தங்கையின் கையைப் பிடித்து எரிக்கின் கையில் வைத்தாள். மேளக்காரர்கள் கொட்டகைக்குள்ளேயே கெட்டிமேளம் கொட்டினார்கள், ஜனங்கள் திரையின்மேல் அட்சதை போட்டார்கள், அதில் பாதி மணலில் விழுந்தது, பாதி விழவில்லை. அதே நேரத்தில் ஸ்டாக்ஹோம் கிடங்கில் மூடி தெறித்துப் போய்ச் சுவரில் மோதியிருக்கும், தனக்கு இனி யாரும் காமிரா கொடுக்கப்போவதில்லை என்பது ஹெல்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் அட்சதை போட்டாள், ஒரு கைப்பிடி போதாமல் காசாம்புவின் கையிலிருந்தும் வாங்கிப் போட்டாள்.

தாலி ஏறியதும் திரையில் மாயா அக்காவின் பக்கம் சாய்ந்து, உதட்டை அசைத்து எதையோ சொன்னாள். கொட்டகையே முன்னால் நகர்ந்தது. இத்தனை காலமும் அந்தப் பெண்ணின் வாயசைப்புக்கு நாகூரான் தன் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டுக்கொண்டிருந்தான், அவள் நிஜமாக என்ன பேசுகிறாள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பேசாத படத்திலேயே ஊறினவளுக்கு உதட்டைப் படிக்க எத்தனை நேரம் வேண்டும், ஹெல்கா பார்த்தாள், பார்த்துவிட்டுக் கண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"என்ன சொல்லுது பொண்ணு?" என்று காசாம்பு டீச்சரைப் பிடித்து உலுக்கினாள்.

ஞானதீபம் ஹெல்காவிடம் கேட்டாள், கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"பசிக்குதாம்."

"அடப்பாவிங்களா, கல்யாணப் பேச்சு பேசிப் பேசி பொண்ணப் பட்டினி போட்டுட்டீங்களே" என்று காசாம்பு எழுந்தாள், மணலில் ஒரு காசாம்பு எழ, திரையில் இன்னொரு காசாம்பு இலையை உதறி விரித்துச் சோறு போட்டாள், வஞ்சிர மீன் குழம்பு ஊற்றினாள். ராவுத்தர் மிஷின்காரரைப் பார்த்து இன்னொரு கார்பன் குச்சி போடச் சொன்னார். மாயா சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஐந்து விரலாலும் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, ஹெல்காவும் எழுந்திருக்கவில்லை.